முதல் திரையிலேயே முழு விலை வேண்டும்

பினாங்கில் ஹோட்டல் அறை தேடும்போது திரையில் முதலில் தெரியும் விலை ஒன்று. சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறும் நேரத்தில் கையைவிட்டுப் போயிருக்கும் பணம் இன்னொன்று. நடுவில் சேவைக் கட்டணம், சேவை வரி, சுற்றுலா வரி, மாநகர் மன்றத்துக்கான ஹோட்டல் கட்டணம் என்று நான்கு அடுக்குகள் நிற்கின்றன. அதற்கு மேல் டெப்பாசிட்.

வெளியூரிலிருந்து வரும் சொந்தங்களுக்கு அறை எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏற வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "ஒரு ராத்திரிக்கு எவ்வளவும்மா ஆகும்?" என்பதைத்தான். இந்தச் சாதாரணக் கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாதபடி பயணத் தளங்கள் விலையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. எனக்கு இது உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம்.

முதலில் எந்த வெள்ளி (மலேசிய ரிங்கிட்) யாருக்குப் போகிறது என்று பிரித்துப் பார்த்துவிடலாம். இது தெரிந்தால்தான் கவுண்ட்டரில் நின்று பேச முடியும்.

சேவை வரி மத்திய அரசுக்குப் போவது. ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரியை எடுத்துவிட்டு 2018 செப்டம்பரில் எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி திரும்பி வந்தபோது அது 6 விழுக்காடு. 2024 மார்ச் 1 முதல் தங்குமிடங்களுக்கு 8 விழுக்காடு. சாப்பாட்டுக்கு இன்னும் 6 விழுக்காடாகவே இருப்பதால் பலரும் அறைக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டு, ஏன் கூட வருகிறது என்று குழம்புகிறார்கள். ஆண்டு வருமானம் 500,000 வெள்ளியைத் தாண்டும் விடுதிகள்தான் இந்த வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும். அதனால் நான்கைந்து அறை மட்டும் வைத்திருக்கும் ஒரு சின்ன இடம் சேவை வரி கேட்டால், ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது தப்பில்லை.

சுற்றுலா வரி 2017 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது. ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 10 வெள்ளி. தலைக்கு அல்ல, அறைக்கு. மலேசியக் குடிமக்களும் நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களும் கட்ட வேண்டாம், ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் காட்டினால் போதும். கோவிட் காலத்தில் நிறுத்தி வைத்திருந்து, 2023 ஜனவரி 1 முதல் மறுபடி வசூலிக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு முக்கியமான மாற்றமும் வந்தது. ஆன்லைன் தளம் வழியாக அறை எடுத்தால் அந்தத் தளமே இந்த வரியை வாங்கி அரச மலேசிய சுங்கத் துறைக்குக் கட்ட வேண்டும். தளம் வாங்கிவிட்டால் ஹோட்டல் மறுபடி வாங்கக் கூடாது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மூன்றாவது, பினாங்குக்கே உரியது. 2014 ஜூன் 1 முதல் மாநில அரசு கொண்டுவந்த ஹோட்டல் கட்டணம். மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும் என்றால் அறைக்கு ஓர் இரவுக்கு 2 வெள்ளி, நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் என்றால் 3 வெள்ளி என்று வைத்தார்கள். இது மலேசியர்களுக்கும் உண்டு. சில கவுண்ட்டரில் 'ஹெரிடேஜ் கட்டணம்' என்று சொல்வார்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதோடு சேர்த்துப் பேசுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது போலும். தொகை சின்னதுதான். ஆனால் தளங்களில் பெரும்பாலும் 'விடுதியில் செலுத்த வேண்டியது' என்று பக்கத்தின் அடியில், சாம்பல் நிற எழுத்தில் கிடக்கிறது.

இந்த மூன்றையும் கட்டுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சட்டப்படி வந்தவை, எங்கே போகின்றன என்று தெரிகிறது.

நான்காவதான சேவைக் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பலரும் திட்டுவது இதைத்தான், திட்டு போய்ச் சேருவதோ தப்பான ஆளிடம். இது வரி அல்ல. அறை விலையில் 10 விழுக்காடு, ஹோட்டல் வாங்குவது. நம் ஊரில் ஹோட்டல் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருந்தால் 'பாயிண்ட்' என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கும். மாதம் சேர்ந்த சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குள் பாயிண்ட் கணக்கில் பிரித்துக் கொடுப்பார்கள். அறை சுத்தம் செய்யும் அக்காவும், பெட்டி தூக்கும் தம்பியும், சமையல்கட்டில் நிற்பவரும் அந்தப் பணத்தை நம்பித்தான் வீட்டு வாடகை கட்டியிருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது, இந்தச் சேவைக் கட்டணத்தையே எடுத்து அந்தச் சம்பளத்தை நிரப்பிக்கொள்ளலாமா என்று முதலாளிகள் பக்கம் கேட்டார்கள். தொழிற்சங்கம் எதிர்த்தது. 2021-இல் கூட்டரசு நீதிமன்றம், அப்படி நிரப்பக் கூடாது, அது ஊழியர்களுக்கு உரிய பணம் என்று தீர்ப்பளித்தது. எனக்குத் தெரிந்த ஹோட்டல் ஊழியர்கள் அந்தத் தீர்ப்பை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

அதனால் சேவைக் கட்டணமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எல்லா ஹோட்டலும் இதை வாங்குவதில்லை, வாங்குகிற இடங்களில் 'பிளஸ் பிளஸ்' என்று போட்டிருப்பார்கள், காட்டும் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் உண்டு என்று அர்த்தம். ஊழியருக்குப் போக வேண்டிய பணத்தை விலையை மறைக்கும் திரையாகப் பயன்படுத்துவதுதான் எனக்குப் பிடிக்காதது. வாங்குவது உறுதி என்றால் அறை விலையோடு சேர்த்தே காட்டலாமே. விருந்தாளி அதை ஏதோ அபராதம் மாதிரி நினைத்துக்கொண்டு, கவுண்ட்டரில் நிற்கும் பெண்ணிடம் எரிந்து விழ வேண்டிய அவசியமே வராது.

சரி, கூட்டிப் பார்ப்போம். நான்கு நட்சத்திர ஹோட்டல், திரையில் 200 வெள்ளி, தங்குபவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சேவைக் கட்டணம் 20, சேவை வரி 16 வாக்கில், சுற்றுலா வரி 10, பினாங்குக் கட்டணம் 3. 250 வெள்ளியை நெருங்கிவிட்டது. கால்வாசி ஏறிவிட்டது. பக்கத்துத் தெருவில் 225 வெள்ளிக்கு எல்லாம் சேர்த்து 'நெட்' விலை போட்டிருக்கும் ஹோட்டல் உண்மையில் இதைவிட மலிவு. ஆனால் 'விலை குறைந்தது முதலில்' என்று வரிசைப்படுத்தினால் அது கீழே போய்விடும். யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், பழைய கடைவீடு ஒன்றைச் செப்பனிட்டுச் சின்ன ஹோட்டலாக நடத்தும் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் இதைக் கேட்டேன். "நெட் விலை போட்டுப் பார்த்தேன் தங்கச்சி. ரூம் போகல. வரியெல்லாம் எடுத்துட்டு வெறும் விலை போட்டேன், போச்சு. நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நேர்மையாக முழு விலை போடுகிறவர் வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறார், பிறகு அவரும் மற்றவர்கள் வழிக்கே வர வேண்டியிருக்கிறது. விருந்தாளிக்கு நடக்கும் அநியாயத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஒழுங்காகக் கடை நடத்த நினைக்கும் சின்ன விடுதிக்காரருக்கு நடப்பதை யாரும் பேசுவதில்லை.

கடைசிப் பக்கத்தில் எப்படியும் மொத்தத் தொகை வந்துவிடுகிறதே, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். வருகிறதுதான். ஆனால் அதற்குள் தேதி போட்டு, பெயர் போட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து சரிபார்த்து, அட்டை எண்ணும் போட்டாயிற்று. மேலே 'இன்னும் ஒரே அறைதான்' என்று சிவப்பில் மின்னுகிறது. அந்த இடத்திலிருந்து திரும்பிப் போகிறவர்கள் குறைவு. அமெரிக்காவில் டிக்கெட் மறுவிற்பனைத் தளம் ஒன்று தன் வாடிக்கையாளர்களை இரண்டு பகுதியாகப் பிரித்துச் சோதித்தது. ஒரு பகுதிக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து முதலிலேயே காட்டியது, மறு பகுதிக்குக் கடைசியில் காட்டியது. கடைசியில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 20 விழுக்காடு கூடுதலாகச் செலவு செய்தார்கள். 2021-இல் வெளியான ஆய்வில் இது பதிவாகியிருக்கிறது. விலையை எப்போது காட்டினால் நாம் எவ்வளவு கொடுப்போம் என்று அளந்து பார்த்துத்தான் இந்தப் பக்கங்களை அமைக்கிறார்கள்.

அமெரிக்காவின் 'ரிசார்ட் கட்டணம்' இதைவிட மோசம். நீச்சல் குளத்தில் கால் வைக்காவிட்டாலும், வைஃபையைத் தொடாவிட்டாலும் ஒவ்வோர் இரவுக்கும் கட்டாயமாக வாங்குவது அது. அந்நாட்டு கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2012-இலேயே 22 ஹோட்டல் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2017-இல் அதன் பொருளியல் பிரிவு, இப்படிப் பிரித்துக் காட்டுவதால் வாடிக்கையாளருக்கு இழப்புதான், பலன் இல்லை என்று எழுதியது. அப்படியும் சட்ட விதியாக அமலுக்கு வர 2025 மே 12 ஆகிவிட்டது. இப்போது அங்கே கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும், அரசு வரியை மட்டும் பின்னால் காட்டலாம். பிரிட்டனில் அதற்கு ஒரு மாதம் முன்னால், ஏப்ரலில், இதே மாதிரியான தடை வந்தது. ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகளாகவே மொத்த விலையை முன்னால் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

மெல்பர்னில் இருக்கும் என் அண்ணன் மகளும் நானும் ஒரே ஹோட்டலை, ஒரே தேதிக்கு, ஒரே தளத்தில் திறந்து பார்த்தோம். அவள் திரையில் வரிகள் சேர்ந்த விலை முதலிலேயே வந்தது. என் திரையில் வெறும் விலை. "அத்தை, உங்களுக்கு மட்டும் சீப்பா காட்டுது" என்று முதலில் சந்தோஷப்பட்டாள். கடைசிப் பக்கம் வரை போனதும் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை. முழு விலையைக் காட்டுவது தொழில்நுட்பத்துக்கு முடியாத காரியம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. சட்டம் கேட்கிற ஊரில் காட்டுகிறார்கள். இங்கேயும் கேட்டால் காட்டுவார்கள்.

இப்போது அந்தச் சுற்றுலா வரி விஷயம். தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா குடும்பம் தைப்பூசத்துக்கு வந்திருந்தது. இரண்டு அறை, மூன்று இரவு, ஆன்லைனில் முழுப் பணமும் கட்டியாயிற்று. கவுண்ட்டரில் மறுபடி 60 வெள்ளி சுற்றுலா வரி கேட்டார்கள். நம் தமிழ்ப் பெண்தான் அங்கே இருந்தாள். வவுச்சரைக் காட்டினேன். "அக்கா, இதுல 'வரிகளும் கட்டணங்களும்'னு ஒரே வரியா போட்டிருக்கு. உள்ள சுற்றுலா வரி இருக்கா இல்லையான்னு எங்களுக்கே தெரியாது. சிஸ்டம்ல கட்டலன்னு காட்டுது லா" என்றாள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவளுக்கும் தெரியவில்லை.

பின்னால் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்த சித்தி உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார். சித்தப்பா பையைத் திறந்து, "விடும்மா, குடுத்துடுவோம். சாமி கும்பிட வந்த இடத்துல எதுக்குத் தகராறு" என்றார். அவருக்கு அது ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஊரில் ஒரு செலவுக்கு ஆயிரம் ரூபாய் எடுக்க எத்தனை முறை யோசிப்பார் என்று எனக்குத் தெரியும்.

"இல்ல சித்தப்பா, ஏற்கனவே கட்டின பணம்" என்று சொல்லிவிட்டு, தளத்தின் உதவி எண்ணுக்குப் போட்டு, வரியைப் பிரித்து எழுதி மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். வந்தது. அதில் சுற்றுலா வரி 60 வெள்ளி என்று தனியாக இருந்தது. அந்தப் பெண் அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, கேட்ட தொகையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டாள். அவளுக்கும் நிம்மதி, மேனேஜரிடம் காட்ட ஒரு தாள் கிடைத்ததே என்று.

சித்தப்பா சொன்ன அந்த "விடும்மா" எனக்கு இன்னும் உறுத்துகிறது. களைப்பாக வந்தவர்கள், மொழி தெரியாத ஊரில் இருப்பவர்கள், கோயிலுக்கு வந்த மனசோடு இருப்பவர்கள் சண்டை போட மாட்டார்கள், கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்காகத்தான் சொல்கிறேன்: வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளுக்கு அறை எடுக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன்பே 'வரிகளும் கட்டணங்களும்' என்ற வரியைத் தட்டிப் பாருங்கள், பல தளங்களில் அது விரியும். விரியாவிட்டால் எழுதிக் கேளுங்கள். ஹோட்டலில் கொடுக்கிறவர்களும் ரசீதில் சுற்றுலா வரியைத் தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள். பல தளங்களில் விலையை எப்படிக் காட்ட வேண்டும் என்று மாற்றும் வசதியும் இருக்கிறது, அமைப்புகளுக்குள் போய் 'மொத்த விலை' என்று வைத்துவிட்டால் பட்டியலே வேறு மாதிரி வரும்.

கோலாலம்பூரில் ஹோட்டலைவிட அடுக்குமாடி வீடுகள்தான் தலைவலி. பிரிக்பீல்ட்ஸ், புக்கிட் பிந்தாங் பக்கம் ஓர் இரவுக்கு மலிவாகத் தெரியும். சுத்தம் செய்யும் கட்டணம் ஓர் இரவானாலும் ஐந்து இரவானாலும் ஒரே தொகை, அதனால் ஓர் இரவு தங்குபவருக்குத்தான் அடி. போய்ச் சேர்ந்ததும் அக்சஸ் கார்டுக்கு டெப்பாசிட், கார் நிறுத்தத் தனி. அந்தக் கட்டடத்தில் குறுகிய கால வாடகைக்கு அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கட்டட நிர்வாகம் நினைத்தால் அதைத் தடை செய்யலாம் என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெட்டியோடு காவலாளி முன்னால் நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

டெப்பாசிட் திரும்பி வரும் பணம்தான். ஆனால் டெபிட் கார்டில் பிடித்துவைத்தால் விடுவிக்கப் பல நாள் ஆகும், அதற்குள் விருந்தாளி ஊர் திரும்பியிருப்பார். முடிந்தவரை ரொக்கமாகக் கொடுத்து, எழுதி வாங்கி, கிளம்பும்போது கையில் வாங்கிக்கொள்வது நல்லது. அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயிலா வெள்ளியிலா என்று இயந்திரம் கேட்டால் வெள்ளி என்றே அழுத்தச் சொல்லுங்கள். சொந்த நாட்டுப் பணத்தில் காட்டும்போது அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் லாபம் சேர்ந்திருக்கும். நம்மூர் அட்டைக்கும் ஒன்று உண்டு: தளம் வெளிநாட்டில் பதிவானது என்றால், வெள்ளியில் கட்டினாலும் சில வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பிடிக்கின்றன. அது தளத்தின் ரசீதில் வராது, மாதக் கணக்கில்தான் தெரியும்.

தளத்தில் ஹோட்டலைப் பார்த்த பிறகு நான் நேராக ஹோட்டலுக்கே போன் செய்கிறேன். "இத்தனை அறை, இத்தனை இரவு, வெளிநாட்டுக்காரர் இத்தனை பேர், எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள். தளத்துக்குக் கொடுக்க வேண்டிய கமிஷன் மிச்சமாவதால் சிலர் காலைப் பசியாறலைச் சேர்த்தே தருகிறார்கள். எழுத்தில் வந்த ஒரு தொகை கையில் இருந்தால் கவுண்ட்டரில் பேச்சே எழாது.

பேச்சு எழுந்து, பணத்தையும் வாங்கிவிட்டார்கள் என்றால் அப்படியே விட வேண்டியதில்லை. விலையைப் பற்றித் தவறான எண்ணம் தரும்படி காட்டுவது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் குற்றம். அதே சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட்டால் போதும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் அதன்படி நடக்காவிட்டால் எதிர்த் தரப்பு குற்றவாளியாகிறது. உள்ளூர் ஹோட்டல் மேல் போடுவது சுலபம், வெளிநாட்டில் பதிவான தளத்தின் மேல் போட்டால் தீர்ப்பை நிறைவேற்றுவது கஷ்டம், இதையும் தெரிந்துகொண்டே போங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு வழிகாட்டப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் பல ஆண்டுகள் வழிநடத்திய அந்தச் சங்கத்தில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

போகும்போது தளத்தில் முதலில் தெரிந்த விலையின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வவுச்சர், ஹோட்டல் ரசீது, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் தேதியோடு எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தின் படத்தை எடுக்கத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு போய்த் தேடினால் அந்த விலை அங்கே இருக்காது.